ஈசானிய மூலைக் காவல்

ஆண்டியப்பன் அதை நீச்சல் குளம் என்று யாரையும் சொல்ல விடமாட்டார். தடாகம். கருங்கல்லில் பெயர் வெட்டி, ஒன்றியக் கவுன்சிலரை வைத்துத் திறந்து, வட்டாரத்தின் முதல் தடாகம் என்று ஆலங்குடி முழுக்க போஸ்டரும் ஒட்டியாயிற்று. வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது என்பது போஸ்டரில் இல்லை.

அந்தத் தடாகத்தில் ஏழு வாரமாக வலைக்கம்பும் கையுமாக இலை அள்ளுகிறவன் அவருடைய மாப்பிள்ளை சூர்யபிரகாஷ். பிரசவத்துக்கு வந்த மனைவி இளமதியையும் கைக்குழந்தையையும் பெங்களூருக்குக் கூட்டிப்போக நாலு நாள் லீவில் வந்தான். லீவு தீர்ந்து, இப்போது மாடி அறையே ஆபீஸ்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை," என்று வந்த அன்றைக்கே மாமனார் சொல்லியிருந்தார். "அதுக்கு முன்ன தடாகத்தச் சுத்தம் பண்ண ஒரு மெஷின் பாத்துக் குடுங்க. அது தன்னால ஓடுறத நான் கண்ணால பாத்துட்டா, நல்ல நேரத்துல நானே வண்டி ஏத்தி விடுறேன்."

சுற்றிலும் தைலமரக் காடு. ஒரு காற்றடித்தால் இலையும் செம்மண்ணும் சேர்ந்து வந்து தண்ணீரில் குடியேறும். ஃபில்டர் குழாயில் மாட்டுகிற வகை மெஷினை அந்த நீள இலை இரண்டே நாளில் அடைத்துவிடும். தண்ணீர் அழுத்தத்தில் ஓடுகிற வகைக்குத் தனியாக ஒரு பம்பு வேண்டும். மிஞ்சியது பேட்டரி ரோபோ. குப்பைக்கூடை அதன் வயிற்றிலேயே இருக்கும்.

"எத்தன எச்.பி.?" என்றார் ஆண்டியப்பன். ரைஸ் மில் நடத்துகிறவர்.

"அவ்வளவெல்லாம் இல்ல மாமா. சின்ன மோட்டார்."

"நம்ம வீட்டுக்குன்னு ஒரு கவுரவம் இருக்குல்ல? பெருசா பாருங்க."

இப்படியே ஆறு வாரம் போயிற்று. கடைசியில் திருச்சி ஏஜென்சியிலிருந்து ஷர்லி என்ற பெண் ஒரு படிவம் அனுப்பினாள். நீளம், அகலம், ஆழம். தரையில் பள்ளம் உண்டா?

உண்டு. வடகிழக்கில், மூன்றடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழம். ஈசானிய மூலை தாழ்ந்திருந்தால்தான் வம்சம் தழைக்கும் என்று ஒரு வாஸ்து நிபுணர் சொன்னதும், ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்துத் தோண்டியது.

"அத எழுதாதீங்க மாப்பிள்ளை. தெய்வ காரியம். கடைக்காரங்க கண்ணு பட்டுரும்."

மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை உண்டு, நாட்டுக்கோழி உண்டு. எதிர்த்துப் பேசும் வசதி மட்டும் கிடையாது. 'பள்ளம் இல்லை' என்று டிக் அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்குள் நல்ல நேரம். டிரைவர் ஐயனார் பெட்டிகளைக் காரில் ஏற்றியிருந்தார். ஒன்பதே முக்காலுக்கு, திருச்சியிலிருந்து வந்த மெஷினைத் தடாகத்தில் இறக்கினார்கள். அது தரையைத் தேய்த்து, சுவரேறி, திரும்பி வந்தது. ஆண்டியப்பன் கைதட்டினார். அடுத்த சுற்றில் அது ஈசானிய மூலைக்குப் போய்த் தலைகுப்புற விழுந்து, அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது. கொக்கி போட்டுப் பார்த்தார்கள். சிக்கவில்லை.

ஷர்லிக்குப் போன் போட்டான்.

"பள்ளம் இல்லன்னு போட்டிருக்கீங்களே சார்?"

"இருக்குங்க."

"அப்ப விழத்தான் சார் செய்யும். யாராச்சும் எறங்கித் தூக்கி விடணும்."

யாராச்சும் என்றால் யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பயணத்துக்குப் போட்டிருந்த பேன்ட்டோடு இறங்கினான். தூக்கி விட்டான். மறுபடி விழுந்தது. தூக்கி விட்டான்.

"என்னங்க, மணி பத்தே கால்," என்றாள் குழந்தையோடு கரையில் நின்ற இளமதி.

"மாமா, இந்தப் பள்ளத்த மட்டும் மூடிட்டா…"

"வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க மாப்பிள்ளை. மடியில பேரன வச்சுக்கிட்டு."

பேரன் அவர் மடியில் இல்லை. அதைச் சொல்லவும் அவனுக்கு வழியில்லை. மூன்றாம் தடவை மெஷின் வந்தபோது, விழாமலிருக்கப் பள்ளத்துக்குள் தானே இறங்கி நின்றுகொண்டான். கழுத்தளவு தண்ணீர். அது அவன் தொடையில் மெல்ல முட்டி, யோசித்து, திரும்பிப் போனது. அடுத்த சுற்றிலும் அப்படியே.

"அப்படியே நில்லுங்க," ஆண்டியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இப்பப் பாருங்க, என்னமா ஓடுது. சரியான மெஷினத்தான் புடிச்சிருக்கீங்க."

ஓடும்போது தண்ணீரில் ஆள் நிற்கக் கூடாது என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் படித்த ஒரே ஆள் தண்ணீருக்குள் நின்றான்.

பத்தரை தாண்டியதும் ஐயனார் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஐயா, பெட்டிய எறக்கிரவா?"

"எறக்கு," என்றார் ஆண்டியப்பன். "அடுத்த நல்ல நாளு ஐப்பசியிலதான் வருது."