ஒழுக்கப் பலகை திறப்பு விழா

உறைந்த அருவியில் ஏறுவோரின் வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: எங்கள் சங்கம் பலகை வைப்பதற்கு முன், வைத்த பின். இதை அறிவித்தவர் சங்கத் தலைவர் பிரெஸ்காட். வெர்மான்ட்டின் ஜனவரிக் காலையில் இதைக் கேட்டுக்கொண்டு நின்ற எங்களுக்குக் கால் விரல்கள் எப்போதோ மரத்துப்போயிருந்தன.

பலகைக்கு மூலகாரணம் ஒரு நாய். அருவி எல்வுட் கிரீன்லீஃபின் நிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் நிலத்துக்காரர் தடைப் பலகை மாட்டாதவரை யாரும் உள்ளே போகலாம், அவர் மாட்டியதில்லை. போன வசந்தத்தில் பனி உருகியதும், குளிர்காலம் முழுக்கப் பாறை மறைவில் நாங்கள் ஒதுங்கிய சுவடுகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. அதில் ஒன்றை எல்வுட்டின் நாய் வாயில் கவ்வி அவர் வீட்டுக் கம்பளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சமாதானம் பேசப் போனவள் லோரெய்ன். மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவளுக்கு இருந்தது இந்த ஒரு அருவிதான். காலையில் ஒரு முறை ஏறி இறங்கினால்தான் தூக்கம் வரும் என்பாள். இலையுதிர் காலம் முழுக்க எல்வுட்டுக்கு விறகு அடுக்கிக் கொடுத்தாள்.

"உனக்காக இந்த வருஷம் விட்டுவைக்கிறேன்," என்றார் அவர். "இன்னொரு தடவை என் நிலத்துல ஏதாவது பண்ணீங்க, மூடிடுவேன்."

அதற்குத்தான் சங்கம் பலகை எழுதக் கூடியது. கூடியது, மறுபடி கூடியது. மலம் என்று எழுதலாமா என்பதிலேயே ஒரு மாலை போயிற்று. 'சொந்தப் பொருள்களைப் பையில் திரும்ப எடுத்துச் செல்லவும்' என்று முடிவானது. எந்தப் பொருள் என்று படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியது.

விழாவன்று லோரெய்ன் இரவு வேலை முடித்த கண்களோடு வந்து, உரை முடியக் காத்திராமல் ஏறத் தொடங்கிவிட்டாள். பிரெஸ்காட்டின் கயிறு முன்பே அருவி உச்சியில் ஒரு மரத்தில் கட்டித் தொங்கியது. மரப்பட்டை தேயாமலிருக்கக் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவே துணி சுற்றியிருந்தார். அதைப் படமும் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

"ஏறுபவருக்கு நேர் கீழே நிற்கக் கூடாது," என்று பலகையின் விதியை வாசித்தார் பிரெஸ்காட்.

"பிரெஸ்காட், தள்ளி நில்லுங்க. எனக்கு நேர் கீழதான் நிக்கிறீங்க," மேலிருந்து லோரெய்ன் குரல் கொடுத்தாள்.

"இந்தப் பத்திய முடிச்சிடறேன் லோரெய்ன்."

பானை அளவு பனிக்கட்டி ஒன்று அவர் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அவர் தள்ளி நின்று பத்தியை முதலிலிருந்து வாசித்தார்.

எல்வுட் பனிவண்டியில் வந்து இறங்கியபோது லோரெய்ன் கீழே வந்து பிளாஸ்க் காப்பியைத் திறந்துகொண்டிருந்தாள். கிழவர் பலகையை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். கடைசி வரி: 'மரங்கள் நம் விருந்தோம்பிகள். அவற்றைக் காயப்படுத்தாதீர்.'

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். பிறகு கையுறையைக் கழற்றி, பலகையின் மூலையில் விரலை வைத்தார். "இது என்ன?"

"ஆணி," என்றார் பிரெஸ்காட். "துருப்பிடிக்காதது. சூழலுக்கு உகந்தது."

"இது என்ன மரம்?"

பிரெஸ்காட் மரத்தை அப்போதுதான் முதல் முறை பார்ப்பவர்போல் பார்த்தார்.

"நான் சாறு இறக்குற மேப்பிள் இது. நாலு மூலைக்கும் அடிச்சிருக்கீங்க."

"உடனே பிடுங்கிடறேன் எல்வுட்."

"பிடுங்கினா ஓட்டை போயிடுமா?"

லோரெய்ன் காப்பியைக் குடிக்காமலே மூடினாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இரவு முழுக்க நின்ற களைப்பு மட்டும் முகத்தில் இருந்தது.

"விறகுக்கு நன்றிம்மா," என்றார் எல்வுட் அவளிடம். "நல்லா அடுக்கியிருந்த."

"தெரியும்," என்றாள் அவள், பனிக்கோடாரிகளைப் பையில் செருகிக்கொண்டே.

பிரெஸ்காட் மட்டும் கார் வரை பேசிக்கொண்டே வந்தார். அடுத்த கூட்டத்தில் ஆணி குறித்து ஒரு துணை விதி சேர்க்கலாமாம்.

இப்போது அந்த மேப்பிளில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. கீழே உள்ளது எல்வுட்டினுடையது, உள்ளே வராதே என்கிறது, கயிற்றால் கட்டியிருக்கிறது.