லெமன் பாமும் லைசன்ஸும்

“அந்த இலையைத் தூக்கிக் குப்பையில போடுங்க ஆச்சி. அதைக் குடிச்சிட்டுத்தான் இவ டெஸ்ட்டுல காரைக் கொண்டுபோய்க் கம்பியில இடிச்சா.”

“இலை என்னடா பண்ணும் சாத்தப்பா? இலையா ஸ்டீரிங்கைப் பிடிச்சுது? கேமரன் மலையிலேர்ந்து மடியில வச்சுக் கொண்டாந்தேன்...”

“மேட்டுல நிறுத்தச் சொன்னா...”

“...எலுமிச்சை வாசம், புதினா ஜாதி. குடிச்சா படபடப்பு அடங்கும்னு தோட்டத்துக்காரரே சொன்னாரு.”

“நல்லா அடங்குச்சு. அதிகாரி வெளியில நின்னு கத்துறாரு, இவ படபடப்பே இல்லாம பின்னாடி உருண்டுக்கிட்டிருக்கா.”

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் சமையலறையில் நாகம்மை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவரும் அவருடைய அக்கா காமாட்சி ஆச்சியும் அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். இடித்தவள் அவள். இடித்ததைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சாத்தப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் நிற்கும் சாகா காரை ஓட்ட வீட்டில் வேறு ஆள் இல்லை. காப்பாரில் இருக்கும் மகள் கோமதிக்கு ஏழு மாசம். பஸ்ஸில் கிள்ளான் போய், இன்னொரு பஸ் பிடித்து அவளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் நாகம்மை ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

“இன்னொரு தடவை போ. அதுலயும் காகால்னா, செமினியில இருக்கிற குமரப்பன் வந்து வண்டியை எடுத்துக்கட்டும். பேசி வச்சிட்டேன்” என்றார் சாத்தப்பன்.

மலாயில் காகால் என்றால் ஃபெயில். அந்த வார்த்தையை அதிகாரி வாயால் கேட்டது போதாதென்று வீட்டிலும் கேட்க வேண்டியிருந்தது. நாகம்மை கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் ஒண்ணு சொல்லவா?”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு அன்னைக்குப் பயம் இல்ல. தூக்கம் வந்துச்சு. பெஞ்சில உக்காந்தவ அப்படியே சாஞ்சிட்டேன். பேரைக் கூப்பிட்டப்ப பக்கத்துல இருந்த பொண்ணு தட்டி எழுப்பிச்சு.”

“பாத்தீங்களா ஆச்சி, இலைதான்” என்றார் சாத்தப்பன்.

“இலையில ஏதுடா தூக்கம்?” என்றார் ஆச்சி.

மறுநாள் காலையில் நாகம்மை ஒரு கொத்து இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு மருந்துக்கடைக்குப் போனாள். மருந்தாளர் நசீருதீன் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

“லெமன் பாம். நல்ல இலைதான் ஆன்டி. எப்படிப் போட்டுக் குடிச்சீங்க?”

“எப்படின்னா? கஷாயம் வைக்கிற மாதிரிதான் தம்பி. ரெண்டு கைப்பிடி இலை, நாலு டம்ளர் தண்ணி, ஒரு டம்ளரா சுண்டுற வரைக்கும்.”

நசீருதீன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “எங்க உம்மாவும் எந்த இலையைக் குடுத்தாலும் இப்படித்தான் சுண்ட வைப்பாங்க. இதுக்கு அது தேவையே இல்ல. கொஞ்சம் இலை, ஒரு கப் வெந்நீர், மூடி வச்சு வடிகட்டினா போதும். சரி, அன்னைக்கு வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

“மூக்கு ஒழுகிச்சு. சளி மாத்திரை ஒண்ணு போட்டேன்.”

“எது, இந்த மஞ்சள் மாத்திரையா?” என்று அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார்.

“அதேதான்.”

“அதுவே தூங்க வைக்கும் ஆன்டி. இலையும் தூக்கம் குடுக்கும். ரெண்டையும் சேர்த்து, அதுவும் அவ்வளவு கெட்டியா குடிச்சிட்டு ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்கீங்க. கம்பியோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க.”

நாகம்மை பையிலிருந்த இலையைப் பார்த்தாள். அந்தக் கம்பி இருந்த இடத்தில் ஓர் ஆள் நின்றிருக்கலாம்.

“அப்ப குடிக்கவே கூடாதா?”

“ஏன் கூடாது? ராத்திரி, வீட்டுல இருக்கிறப்ப, லேசா ஒரு கப். தூக்க மாத்திரை, சளி மாத்திரையோட வேணாம். வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி வேணாம். ஆபரேஷன் இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும். தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது.”

“தைராய்டா?” என்றாள் நாகம்மை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே ஆச்சியிடம் போனாள்.

“ஆச்சி, நீங்க காலையில போடுற மாத்திரை தைராய்டுக்குத்தானே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“இந்த இலையை நீங்களும் குடிக்கிறீங்களா?”

“தினமும். ஏன்டி?”

“இன்னையோட நிறுத்துங்க. டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் பாப்போம்.”

“இலை என்னடி...” என்று ஆரம்பித்த ஆச்சி, நாகம்மையின் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான்தான் சொன்னேனே, தூக்கிப் போடுன்னு” என்றார் சாத்தப்பன்.

“தூக்கிப் போட வேணாங்க. இலை மேல தப்பில்ல. நாமதான் கண்டபடி குடிச்சிருக்கோம்.”

அதன்பின் சில இரவுகள், எல்லா வேலையும் முடிந்தபிறகு ஒரு கப் குடித்தாள். வாசம் நன்றாக இருந்தது. தூக்கமும் நன்றாக வந்தது. டெஸ்ட்டுக்கு முந்தின இரவு மட்டும் தொடவில்லை.

டெஸ்ட் அன்று கிள்ளான் மைதானத்தில் அவள் கை நடுங்கிற்று. ஆச்சி பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார்.

“ரொம்ப லேசாத்தான் போட்டேன். ஒரு வாய் குடி. கை நிக்கும்.”

எலுமிச்சை வாசம் அடித்தது. ஒரு வாய் குடித்தால் கை நின்றுவிடும் போலத்தான் இருந்தது.

“இன்னைக்கு வேணாம் ஆச்சி. கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும். கண்ணு முழிச்சிருக்கணும்.”

“பேசாம வீட்டுக்கே போயிடலாம்லா” என்றார் சாத்தப்பன்.

நாகம்மை காதில் வாங்காமல் போய்க் காரில் ஏறினாள். நடுங்கும் கையோடுதான் மேட்டில் ஏற்றினாள். கோட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கிளட்சை மெல்ல விட்டாள். என்ஜின் சத்தம் மாறியது. காரின் மூக்கு லேசாக எழும்பியதை உடம்பெல்லாம் உணர்ந்தாள். போன தடவை இதில் ஒன்றுமே தெரியவில்லையே என்று நினைத்தபடி பிரேக்கை விடுவித்தாள். கார் ஓர் அங்குலம் கூடப் பின்னால் போகவில்லை. மேட்டின் உச்சியைத் தாண்டி, மறுபக்கம் பவ்வியமாக இறங்கியது.

பார்க்கிங்கில் கம்பிகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. ரோட்டிலும் ஓட்டிக் காட்டித் திரும்பியதும் அதிகாரி ஒரே வார்த்தை சொன்னார்.

“லுலுஸ்.”

பாஸ். ஆச்சி ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். சாத்தப்பன் அன்று மாலையே குமரப்பனுக்கு ஃபோன் போட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்றார்.

லைசன்ஸ் கைக்கு வந்ததும் முதல் பயணம் காப்பாருக்கு. பின்சீட்டில் ஆச்சி, மடியில் ஒரு பை.

“கோமதிக்கும் ஒரு கட்டு இலை எடுத்திருக்கேன்.”

“புள்ளத்தாச்சிக்கு டாக்டரைக் கேக்காம கிடையாது ஆச்சி. பையிலேயே இருக்கட்டும்.”

“ம். இப்ப நீதான் டாக்டர்” என்றார் ஆச்சி. ஆனால் பையைத் திறக்கவில்லை.

கிள்ளான் ரோட்டில் ஒரு லோரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாகம்மை கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், கியரை மாற்றி லோரியைத் தாண்டினாள். பக்கத்து சீட்டில் சாத்தப்பன் வலது காலை நீட்டிக் கீழே ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார்.

“டிரைவிங் ஸ்கூல் கார்லதாங்க அந்தப் பக்கமும் பிரேக் இருக்கும். காலை எடுத்துட்டு வெளிய வேடிக்கை பாருங்க.”