கார்பன் வாங்கிய தாய்மாமன்

ஆறு வருடமாக, ஞாயிறு தவறாமல், டோலெகென் மெதியு மலைமேட்டுக்குச் சைக்கிளில் கடைசி ஆளாகத்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் மூச்சு திரும்புவதற்கு முன்பே காரணம் திரும்பிவிடும். "அலுமினியம்," என்பார்.

காரணம் கண்டுபிடிப்பது அவருக்குத் தொழிலும்கூட. அல்மாத்தியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். நொறுங்கிய காரை ஒருமுறை சுற்றி வந்தால் போதும், பணம் தர முடியாததற்கு மூன்று காரணம் எழுதிவிடுவார். மூன்றும் சட்டப்படி நிற்கும். தன் சைக்கிளையும் அப்படிச் சுற்றி வந்து பார்த்திருந்தார். பத்தரைக் கிலோ, அலுமினியம், கடையில் இருந்த ரேஸ் சைக்கிள்களிலேயே மலிவானது. தன்னைத் தானே சுற்றி வர வசதியில்லாததால், மேலே உட்கார்ந்திருந்த தொண்ணூற்று நான்கு கிலோ பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

அவரோடு மலையேறும் ஆறு மணிக் குழுவுக்கும் இது பிடித்திருந்தது. கடைசி வளைவில் அவர் தலை தெரிந்ததுமே, குழுவை நடத்தும் பல் மருத்துவர் வலேரி குரல் கொடுப்பார்: "அலுமினியம் வந்தாச்சு! டீயைச் சூடு பண்ணுங்கப்பா!"

"அண்ணே, கிளம்பும்போது ஏப்ரல்தானே, இப்போ என்ன மாசம்?" என்று யாராவது கேட்பார்கள்.

டோலெகெனும் சேர்ந்து சிரிப்பார். கடைசி இடம் அவருடையது இல்லை, சைக்கிளுடையது. அந்தச் சின்ன வித்தியாசத்தின் மேல்தான் அவர் ஆறு வருடம் உட்கார்ந்து மிதித்தார்.

இந்த வசந்தத்தில், காருக்கு கியர்பாக்ஸ் மாற்ற வைத்திருந்த பணத்தில், கார்பன் இழையில் செய்த சைக்கிள் வாங்கிவிட்டார். ஏழு கிலோ. கறுப்பு. சுண்டினால் தர்பூசணி மாதிரிச் சத்தம் வந்தது.

"காரு தெருவுல நனையுது, சைக்கிள் படுக்கையறையில தூங்குது. நான் எங்க படுக்கட்டும்?" என்றாள் மனைவி குல்பர்ஷின்.

"ஒத்த விரலால தூக்கலாம்டி இதை."

"அதே விரலால காரையும் ஆபீஸ் வரைக்கும் தள்ளிட்டுப் போங்க."

புதுப் பொருள் வந்தால் விருந்து வைத்து 'கழுவ' வேண்டும், இல்லாவிட்டால் நிலைக்காது. சனிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். வலேரியைக் கூப்பிட்டார்கள். "உங்க அக்கா பையனையும் வரச் சொல்லிட்டேன்," என்றாள் குல்பர்ஷின், மாவு பிசைந்தபடி. டோலெகெனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அக்கா மகன் தாய்மாமனிடம் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாமன் மறுக்கக் கூடாது. கசாக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதிலிருந்து தப்பில்லை. முன்பெல்லாம் மந்தைக்குள் புகுந்து, இருப்பதிலேயே நல்ல குதிரையாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போவார்களாம். அக்கா மகன் குவானிஷுக்கு இருபத்தேழு வயது. கிஸிலோர்டாவிலிருந்து பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. மூன்றில் ஒன்றைக்கூட அவன் இன்னும் செலவழிக்கவில்லை.

"அவனை எதுக்குடி கூப்பிட்டே?"

"கூடப்பொறந்த அக்கா மகனைக் கூப்பிடாம ரேஸ்காரங்களை மட்டும் கூப்பிட்டா ஊரு என்ன சொல்லும்?"

டோலெகென் நடவடிக்கையில் இறங்கினார். பழைய அலுமினியத்தைக் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினார். கார்பனை பால்கனியில் வைத்து இரண்டு கம்பளியால் மூடினார்.

"அப்போ இன்னிக்கு எதைக் கழுவறோம்? கம்பளியையா?" என்று கேட்டாள் குல்பர்ஷின். கார்பன் கூடத்துக்கு வந்தது.

பட்டை மாவும் கறியும் போட்ட பெஷ்பர்மக் தட்டு பாதி காலியாகியிருந்தது. வலேரி கார்பனை ஒத்த விரலால் தூக்கிப் பார்த்து, "இனிமே உங்களைப் பிடிக்க நாங்கதான் ஓடணும் அண்ணே," என்று சொல்லியிருந்தார். அப்போது குவானிஷ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

டோலெகென் வாயிலிருந்த குதிரைக் கறியை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார்.

"கேளுடா மருமகனே," என்றார், கறிக்குப் பின்னாலிருந்து.

"வாசல்ல நிக்குதே, அந்தப் பழசு. ஸ்கூலுக்குப் போயிட்டு வர ஆகும்."

டோலெகென் எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியது. சைக்கிளோடு ஹெல்மெட்டைக் கொடுத்தார், காற்றடிக்கும் பம்பைக் கொடுத்தார், கேட்காமலேயே கையுறையும் கொடுத்தார். தாய்மாமன் என்பவன் யார் என்று ஒரு சிறிய சொற்பொழிவும் ஆற்றினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்குக் காலையில எங்ககூட வா. மலைன்னா என்னன்னு மாமா காட்டறேன். உங்க ஊர்ல பாலத்தைத் தவிர வேற மேடு ஏது?" என்றார்.

மறுநாள் குவானிஷ் வந்தான். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. முதல் இரண்டு கிலோமீட்டர் மாமாவின் பக்கத்திலேயே பேசிக்கொண்டு மிதித்தான். மாமா தலையை மட்டும் ஆட்டினார். பேசினால் காற்று செலவாகும்.

"இப்படியே நேராப் போனா வந்துருமா மாமா?"

தலையாட்டினார்.

"அப்போ மேல பாக்கலாம்."

அப்புறம் அவன் முதுகு தெரிந்தது, அந்த முதுகுக்குக் கீழே தன் பழைய பின்விளக்கு தெரிந்தது, பிறகு வளைவு மட்டும் தெரிந்தது.

டோலெகென் மேலே போய்ச் சேர்ந்தபோது போனில் எழுபத்தோரு நிமிடம் காட்டியது. அலுமினியத்தில் எழுபது. குவானிஷ் பால் டீயில் பொரித்த பவுர்சக் உருண்டையை முக்கித் தின்றுகொண்டிருந்தான். வலேரிக்கு அடுத்ததாக வந்தானாம். பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது, வாழ்க்கையில் முதல் முறையாக மற்றவர்களுக்காகக் காத்துக்கொண்டு.

டோலெகென் வாயைத் திறந்தார். அங்கே இத்தனை வருடம் இருந்த சொல் இல்லை.

யாரும் கிண்டல் செய்யவில்லை. வலேரி எழுந்து வந்து, இரண்டு கையாலும் டீக் கோப்பையை நீட்டினார், ஆஸ்பத்திரியில் நீட்டுகிற மாதிரி. "இன்னிக்கு எதிர்காத்து ஜாஸ்தி அண்ணே," என்றார்.

மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

அடுத்த ஞாயிறு, "புது சைக்கிள் உடம்புக்குப் பழக ரெண்டு மாசம் ஆகும்," என்றார்கள். அதற்கடுத்து, "சீட்டு உயரம் சரியில்ல போல." அப்புறம் ஒருநாள் வலேரி தனியாகக் கூப்பிட்டு, "பிரஷர் பாத்தீங்களா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார். ஆறு வருடம் டோலெகென் காரணம் சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்கள் காரணம் சொல்கிறார்கள், யாருமே சிரிப்பதில்லை. பொய்க் காரணத்தை அரை நொடியில் பிடித்துவிடுகிற தொழில் வேறு அவருக்கு. ஒவ்வொன்றையும் பிடித்தார்.

ஒரு புதன்கிழமை, குவானிஷின் பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் போய் நின்றார். கார்பனைத் தள்ளிக்கொண்டேதான் போயிருந்தார்.

"என்ன மாமா, இவ்வளவு தூரம்?"

"உனக்கு இன்னும் ரெண்டு பாக்கி இருக்குடா."

"என்ன ரெண்டு?"

"கேக்கற உரிமை. மூணுல ஒண்ணுதானே ஆச்சு? கேளு. எதை வேணா கேளு." சைக்கிளை அவன் பக்கம் லேசாகச் சாய்த்தார். "மறுத்தா மாமனுக்கு ஆகாது. எனக்கு வேற வழியே கிடையாது."

குவானிஷ் சைக்கிளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பௌதிக வாத்தியார், புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. இதை வாங்கிக்கொண்டு பழசைத் திருப்பிக் கொடுத்தால், மாமா மறுபடியும் அலுமினியம் ஆகிவிடலாம்.

"வேணாம் மாமா. பழசே எனக்குப் போதும்."

"போதும்னு ஏன்டா சொல்றே? நீ என் அக்கா பெத்தவன். கூச்சப்படாதே. சும்மா கேளுடா!"

"விடுங்க மாமா."

"கேக்கலேன்னா நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

பையன்கள் இவர்களைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். குவானிஷ் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"நிஜமா எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டீங்களா?"

"எங்கம்மா மேல ஆணை."

"அப்போ ஒண்ணு கேக்கறேன். கோபப்படக் கூடாது." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக் குழுவோட போங்க மாமா."

எட்டு மணிக் குழுவில் புதிதாக ஓட்டக் கற்றவர்கள், பிரசவம் முடிந்து உடம்பு குறைக்க வருகிற பெண்கள், கூடை கட்டிய சைக்கிளில் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர்.

"யாரு கேக்கச் சொன்னது? வலேரியா?"

"எல்லாரும்தான். அவங்களால சொல்ல முடியல. நான் கேட்டா உங்களால தட்ட முடியாதுன்னு சொன்னாங்க. நான் ஒரு மாசமா முடியாதுன்னுட்டு இருந்தேன் மாமா, சத்தியமா."

"ஆறு வருஷம் காத்திருந்தாங்களேடா?"

"அப்போ கிண்டல் பண்ணிக்கிட்டே காத்திருந்தாங்க, நேரம் போச்சு. இப்போ கிண்டல் பண்ண முடியல. சும்மா உக்காந்து காத்திருக்கறது கஷ்டமா இருக்காம்."

டோலெகென் சைக்கிளை நேராக நிமிர்த்தினார். இதற்கு ஒரு மறுப்பு எழுத முடியுமா என்று பழக்கதோஷத்தில் மனம் ஒரு சுற்று சுற்றி வந்தது. முடியாது. எல்லாம் சரியாக இருந்தது.

"சரிடா. நீ கேட்டுட்டே," என்றார்.

ஞாயிறு எட்டு மணிக்கு வேறு இடத்தில் வேறு ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர் வந்து நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தபால்காரர் கார்பனை ஒருமுறை சுற்றி வந்து, பயபக்தியோடு சுண்டிப் பார்த்தார்.

"ஆறு மணிக் குழுவா தம்பி? தூங்கிட்டீங்களா இன்னிக்கு?"

"ஆமா," என்றார் டோலெகென்.

"அப்போ நீங்க முன்னாடி போங்க. நாங்க மெதுவா வர்றவங்க, உங்க வேகத்துக்கு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். டோலெகென் முன்னால் போனார். மேட்டு உச்சியில் இருக்கும் பனிச்சறுக்கு அரங்கத்துப் பலகை தெரிவதற்கு வெகு முன்பே, பின்னாலிருந்து முதல் சைக்கிள் மணி அடித்தது.

"கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே," என்றது ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக.