பெருகிப்போன தாலி

செந்நெல் நகர் வாசலில் 'குற்றமில்லா நகர்' என்று பச்சைப் பலகை ஒன்று நிற்கிறது. அதை நட்டவர் நாகநாதன். நகர் நலச்சங்கத் தலைவரும் அவர்தான், அங்கே மிச்சமிருக்கும் மனைகளை விற்பவரும் அவர்தான். தஞ்சாவூர் புறவழிச்சாலையை ஒட்டி, பத்து வருடத்துக்கு முன்பு வரை குறுவை விளைந்த நிலம் அது. இப்போது பலகை விளைந்திருக்கிறது. அதைப் பார்த்தாலே அந்த நகரில் குடியிருக்கும் பிரகதீஸ்வரிக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அந்தப் பலகைக்கு நூறடி தள்ளித்தான் அவளுக்கு அது நடந்தது. பட்டப்பகல், பதினோரு மணி. தையல்கடையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். பைக்கில் வந்த இரண்டு பேர் கல்யாணப் பத்திரிகை ஒன்றை நீட்டி விலாசம் கேட்டார்கள். நல்ல காரியமாயிற்றே என்று குனிந்து படித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கழுத்தில் கை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். தாலிக்கொடியோடு பைக் பறந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி ரத்தம் கசிந்த கோடு ஒன்றுதான் மிச்சம்.

நாகநாதன் தன் காரிலேயே அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல அவளுக்குப் பிறகு இருந்தது.

என்ன நடந்தது என்று புகார் எழுதும் ரைட்டர் கேட்டார். அங்கேதான் அவள் வாய் அவளைக் காலை வாரிவிட்டது. புருஷன் உயிரோடு இருக்கிற பெண் தாலி அறுந்தது என்று சொல்லமாட்டாள். கயிறு நைந்து அறுந்தாலும் 'பெருகிப்போச்சு' என்றுதான் சொல்வாள். பிரகதீஸ்வரியின் கணவன் பஞ்சநதம் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அத்தனை உயரத்தில் தினமும் ஏறி இறங்குகிறவனை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு எப்படி நாக்கு வரும்?

"பைக்ல ரெண்டு பேரு வந்தாங்க சார். விலாசம் கேட்டாங்க. தாலி பெருகிடுச்சு சார்" என்றாள்.

ரைட்டர் எழுதிக்கொண்டே போனார். வீட்டுக்குப் போனால் போதும் என்று படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அதோடு இருந்த மனுவின் நகலைப் படித்தாள். 'நடந்து செல்லும்போது எனது தாலிக்கொடி பெருகி, வழியில் எங்கோ விழுந்து காணாமல் போய்விட்டது.' பைக் இல்லை, பத்திரிகை இல்லை, இரண்டு பேரும் இல்லை.

ரைட்டருக்கு அந்தச் சொல் புரியாமலா இருக்கும்? அவர் வீட்டிலும் தாலி கட்டிக்கொண்ட ஒருத்தி இருப்பாள். புரிந்துதான் எழுதினார். பறித்தான் என்றால் வழக்குப் போடவேண்டும், அந்த மாதக் குற்றக் கணக்கில் ஒன்று கூடும். காணாமல் போனதென்றால் ரசீதோடு கதை முடிந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நாகநாதனுக்கும் அது புரிந்துதான் இருந்தது. போய்க் கேட்டபோது அவருக்குக் கொஞ்சமும் வாய் கூசவில்லை.

"விடுங்கம்மா. கேஸுன்னு ஆச்சுன்னா நம்ம நகருக்குத்தான் கெட்ட பேரு. ஞாயித்துக்கிழம ரெண்டு பார்ட்டி மனை பாக்க வர்றாங்க."

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, தெருச் சாக்கடையைக் குச்சியால் கிளறித் தாலிக்கொடியைத் தேடினார். இங்கே பாருங்க, அங்கே பாருங்க என்று நாகநாதன் கைகாட்டிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்த பெண்கள் இவள் கொஞ்சம் கவனமாக நடந்திருக்கலாம் என்று உச்சுக்கொட்டினார்கள். நகரில் திருட்டே நடக்கவில்லையாம், ஆனால் திருடன் மட்டும் மதிலுக்குப் பின்னால் இருக்கிற கீழத்தெருக்காரனாம். இந்த அழகையெல்லாம் பார்த்துவிட்டு உள்ளே போய் பிரகதீஸ்வரி வாந்தி எடுத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஸ்டேஷனுக்குப் போனால் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டுமே.

இருபது நாள் கழித்து அதே பைக், அதே பத்திரிகை. இந்தமுறை மாட்டியவள் கீழத்தெரு அம்சம். சத்துணவுக் கூடத்தில் சமைத்துவிட்டு வீடு திரும்பியவளைக் கொடியோடு சேர்த்துப் பத்தடி தரையில் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புகார் கொடுக்கப் போன அவள் மகள் செம்மொழியிடம், அந்த ஏரியாவில் இதுவரை அப்படி ஒன்று நடந்ததே இல்லையே என்றாராம் அதே ரைட்டர். உங்கப்பா குடித்துவிட்டு இழுத்தாரா என்றும் கேட்டாராம்.

செம்மொழி நேராகப் பிரகதீஸ்வரி வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"உங்களுக்கு நடந்தத மட்டும் வந்து சொல்லுங்கக்கா. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் மதில் முனையைத் திரும்புவதற்குள் நாகநாதன் போனில் வந்துவிட்டார். கீழத்தெரு விவகாரத்தில் நமக்கென்ன வேலை என்றார். எழுதிக் கொடுத்ததை மாற்றினால் பொய்ப் புகார் என்று உங்கள் மேலேயே திரும்பும் என்று பயமும் காட்டினார். அந்தக் குழைந்த குரலைக் கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. போனை வைத்தபிறகு தன்மேலேயே அதைவிட அருவருப்பு வந்தது. அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பைக்கை யாராவது தேடியிருப்பார்கள். அபசகுனம் என்று இவள் முழுங்கிய ஒரு சொல்லுக்கு எலும்பைக் கொடுத்தவள் அம்சம்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கீழத்தெருவில் செம்மொழியையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

ரைட்டர் பழைய மனுவை எடுத்துக் காட்டி, "நீங்கதானேம்மா பெருகிடுச்சுன்னு சொன்னீங்க?" என்றார்.

"அறுத்தான் சார். என் தாலிய அறுத்தான்."

செம்மொழி அவள் கையைப் பிடித்தாள். ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சுமங்கலி வாயால அப்படிச் சொல்லலாமாம்மா?"

"எழுதுங்க."

வேறு வழியில்லாமல் எழுதினார். கையெழுத்துக்கு நீட்டியபோது அவள் வாங்கவில்லை, படித்துக் காட்டச் சொன்னாள். கடகடவென்று படித்துக்கொண்டு வந்தவர் அந்தச் சொல் வந்ததும் குரலைத் தாழ்த்தி மென்று முழுங்கினார்.

"கேக்கல சார். சத்தமாப் படிங்க" என்றாள் பிரகதீஸ்வரி.