பற்றரிக்கடியில் பொட்டு

போர் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டு கொழும்பில் நவரத்தினம் வாங்கிய பழைய மடிக்கணினி, மூன்றாம் நாளே பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. நுகேகொடையில் இரண்டு கடைக்காரர்கள் திறந்துகூடப் பாராமல் கையை விரித்துவிட்டார்கள். எரிச்சலோடு மனைவி பாலேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அதைக் காவிவந்தார்.

அங்கே பழுதுபார்ப்பவள் செல்லமணி என்ற மலையகத்துப் பெண். அவள் முதலில் பற்றரியைக் கழற்றிவிட்டு வயரை மட்டும் கொடுத்தாள். திரை பளிச்சென்று எரிந்தது. நவரத்தினம் வாயைப் பிளந்தார். இந்தச் சின்ன யோசனை அந்த இரண்டு பேருக்கும் வரவில்லையே!

"மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. கோளாறு பேட்டரியிலதான், அது வயர்ல வர்ற கரண்டையும் சேத்து மடக்குது" என்று பற்றரியைக் கவிழ்த்தாள். மின்சாரம் பாயும் செப்புப் பற்களில் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது.

பாலேஸ்வரி தலையைக் குனிந்தாள். "வீட்டுக்கு வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடேலுமே? வெளியில வைச்சால் ஆமியின்ர செக்பொயின்ரில தமிழாக்கள் எண்டு கிளறுவாங்கள்."

"என்ர அடையாள அட்டையிலயே தமிழ் கிடக்கு! இதை ஒளிச்சு என்ன பிரயோசனம்?" என்று சீறினார் நவரத்தினம்.

செல்லமணி சிரிக்கவில்லை. பற்களைத் துடைத்து மினுக்கினாள். பிறகு, மேசையிலிருந்த பிள்ளையார் படத்துச் சந்தனத்தில் விரலைத் தோய்த்து, பற்றரியின் உட்பக்கத்தில், பற்களுக்கு எட்டாத மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பூட்டினாள். வயரில்லாமலே திரை எரிந்தது.

"இங்க இருந்தா கரண்டுக்கும் இடைஞ்சல் இல்லீங்க, ஆமிக்காரன் கண்ணுலயும் படாது."