நூறு நிமிஷக் களவு

நீரஜாவுக்கு ரகுபதியைப் பிடிக்காது. ரகுபதிக்கு நீரஜாவைக் கண்டாலே ஆகாது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நாற்பது பேருக்கும் இது தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காபி குடிக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதை மற்றவர்கள் ஒரு பொதுச்சேவையாகவே செய்துவந்தார்கள்.

ஆரம்பம் அற்பமானதுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று ரகுபதி, "இன்னாம்மா, காலேஜ்ல கம்ப்யூட்டரைப் படத்துல பாத்தியா, நேர்ல பாத்தியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டுவைத்தார். நாற்பத்திரண்டு வயது மனுஷர், இருபத்தாறு வயதுப் பெண்ணைக் கேட்கிற கேள்வியா? அடுத்த வாரமே அவர் எழுதிய ப்ரோக்ராமில் ஒரு தப்பைப் பிடித்து, அதையும் எல்லார் எதிரிலும் வாசித்துக் காட்டினாள் நீரஜா. அதோடு விட்டிருக்கலாம். இரண்டு பேருமே விடுகிற ஜாதியில்லை.

அது 1998. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி தெரியாமல் திருதிருவென்று முழிக்கும் என்ற பயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சென்னைக்கு வேலையை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த சமயம். கம்பெனி முதலாளி வேதாந்தம் எங்கிருந்தோ ஒரு பழைய மெயின்ஃப்ரேம் இயந்திரத்தைப் பிடித்துவந்து இரண்டாம் மாடியில் ஏ.சி. போட்டு உட்காரவைத்திருந்தார். அந்த ஒரே இயந்திரத்தை மென்பொருளால் இருபது 'வர்ச்சுவல் மெஷின்'களாகப் பிரித்திருந்தார்கள். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் மாதிரி. வீடு ஒன்று, அடுப்பு இருபது. ஆளுக்கொரு மெஷின் என்று நினைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்கு வேலை செய்யலாம்.

தேதிகளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு மென்பொருளைச் சிங்கப்பூர்க் கம்பெனியிடம் வாங்கியிருந்தார்கள். ஒரு சமயத்தில் எட்டு மெஷின்களுக்குத்தான் லைசென்ஸ். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு மெஷினை ஏற்றினாலே, அதாவது ஓடவிட்டாலே, அதில் யாரும் ஒரு எழுத்துகூடத் தட்டாவிட்டாலும், ஒரு லைசென்ஸ் பிடிபட்டு, அந்தக் கணக்கு சிங்கப்பூருக்குப் போய்விடும்.

ஜூன் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து காரசாரமாக ஒரு கடிதம் வந்தது. தினமும் கொஞ்ச நேரம் இருபது மெஷின்களில் மென்பொருள் ஓடுகிறது, இது திருட்டு, மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பொறுப்பான ஆள் யார் என்று எழுத்தில் வரவேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து. ரத்தானால் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

வேதாந்தம் நீரஜாவைக் கூப்பிட்டார். "யாருன்னு கண்டுபிடிச்சுக் குடும்மா. சிஸ்டம்ஸ் ஹெட் நாற்காலி காலியாத்தான் இருக்கு."

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று ஆறு வருஷமாகக் காத்திருந்தவர் ரகுபதி. அது போதாதா நீரஜாவுக்கு? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எந்தெந்த மெஷின் ஓடுகிறது, யார் ஏற்றியது என்று குறித்துவைக்கும் ஒரு ப்ரோக்ராமை இரண்டே நாளில் எழுதி, சத்தமில்லாமல் ஓடவிட்டாள்.

பதினைந்து நாள் கழித்து, அந்தக் குறிப்புகளை அச்சடித்த தாளை விரித்தவள் அசந்துபோனாள். திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு இருபது மெஷின்களும் ஏறுகின்றன. செவ்வாய் பிற்பகல் இரண்டு ஐம்பது. புதன் பதினொன்று ஐம்பது. வியாழன் ஒன்று இருபது. வெள்ளி பத்து இருபது. சனி எட்டு ஐம்பது. சரியாக நூறு நிமிஷம் கழித்து, வேண்டாத மெஷின்களெல்லாம் இறங்கிவிடுகின்றன. அடுத்த வாரமும் அச்சுப் பிசகாமல் அதே நேரங்கள். ஏற்றியது எல்லாமே ரகுபதியின் பாஸ்வேர்டு.

இதைப் படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நீரஜாவுக்குப் புரியவில்லை. அவள் வளர்ந்த வீடு அப்படி. அடையாறில் இருந்த அவள் அப்பா, நாள் கிழிக்கிற காலண்டரை வாசற்படி தாண்ட விட்டதில்லை. தேதி பார்க்கத்தான் பேப்பர் வருகிறதே என்பார். அதனால் அந்த ஆறு நேரங்களிலும் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பிடிபடாமல் இருக்க நாளுக்கொரு நேரமாக மாற்றுகிற பலே திருடன். நூறு நிமிஷம் மெஷின்களை வெளி ஆளுக்கு வாடகைக்கு விடுகிறான் என்று அவளாகவே ஒரு முடிவும் கட்டிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் அறிக்கை வேதாந்தத்தின் மேஜைக்குப் போனது. புதன் காலை ரகுபதி அந்த அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தம் மட்டும் கேட்டது. "எழுத்துல இருக்கா? காட்டு, பாப்போம்!" என்று வேதாந்தம் கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்த ரகுபதி நேராக நீரஜாவின் மேஜைக்கு வந்தார்.

"நேரத்தைப் பாத்துமா உனக்குத் தெரியல?"

"பார்த்ததாலதான் தெரிஞ்சது" என்றாள்.

"நடிக்காத. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? ஒரு நாற்காலிக்காக என்னைத் திருடனாக்கிட்டியே. நல்லாயிரு."

அவர் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து அவள் கீபோர்டின் மேல் எறிந்துவிட்டுப் படியிறங்கினார். திமிர் இன்னும் அடங்கவில்லை பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானமே அவர் பெயர் போட்டு, அவள் கையெழுத்தோடு, சிங்கப்பூருக்கு ஃபேக்ஸ் போனது.

மறுநாள் வியாழக்கிழமை. புது சிஸ்டம்ஸ் ஹெட்டாக நீரஜா மெஷின் அறையில் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்றேகால். ஏ.சி.யையும் யு.பி.எஸ்.ஸையும் பார்த்துக்கொள்கிற குலாம் முகம்மது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், மெசினெல்லாம் இன்னும் ஏத்தலியா? ரகுபதி சாரு இந்நேரம் கரீட்டா ஏத்திடுவாரே."

"எதுக்கு ஏத்தணும்?"

"இன்னும் கால் அவர்ல ராவுகாலம் வந்துடுமே மேடம். அதுக்குள்ள அல்லாத்தையும் ஏத்திடணும், ராவுகாலத்துல ஒருத்தனும் புச்சா எதையும் ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு மொதலாளி ஆர்டராச்சே. மெசின் வந்து எறங்குன அன்னிக்கே, நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன், ரகுபதி சாருகிட்ட சொன்னாரு."

நீரஜா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்தரை டு பன்னெண்டு."

"செவ்வாய்?"

"மூணு டு நாலரை. இன்னா மேடம், நான் துலுக்கன், எனக்கே தெரியுது. உங்க வூட்ல காலண்டரே கெடையாதா?"

கிடையாது. ராகுகாலம் என்ற சொல் அவளுக்குத் தெரியும். அப்பா அம்மா கல்யாணமே வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடந்தது என்று அப்பா வருஷத்துக்கு நாலு தரமாவது பெருமை அடிப்பார். ஆனால் அது எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பது அவள் காதில் விழுந்ததே இல்லை. தாளை எடுத்துப் பார்த்தாள். ஆறு நாளும் மெஷின்கள் பத்து நிமிஷம் முன்னால் ஏறி, ராகுகாலம் முடிந்ததும் இறங்கியிருந்தன. வாடகையும் இல்லை, திருட்டும் இல்லை. ரகுபதியை அப்போதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் செய்யாத களவுக்கு ஒரு மனுஷனைத் தெருவில் நிறுத்தியது தன் கைதான் என்பதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு வேதாந்தத்தின் அறைக்குள் போனாள்.

"சார், ரகுபதி திருடலை. நீங்க சொன்னதைத்தான் செஞ்சார்."

வேதாந்தம் நிமிர்ந்தார். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியும்மா. உன் ரிப்போர்ட்டைப் பாத்தப்பவே தெரிஞ்சுது. மெஷினை ஏத்தினாலே லைசென்ஸ் போகும்னு நேக்கு என்ன தெரியும்?"

"அப்புறம் ஏன் அவரை அனுப்பினீங்க?"

"பின்னே? சிங்கப்பூர்க்காரனுக்கு ராகுகாலம்னு எழுதச் சொல்றியா? இவாகிட்டயா வேலையைக் குடுத்தோம்னு கைகொட்டிச் சிரிப்பான். இருக்கிற கான்ட்ராக்ட் அத்தனையும் போயிடும். அவனுக்கு வேண்டியது ஒரு பேர். குடுத்தாச்சு. நோக்கு வேண்டியது ஒரு நாற்காலி. அதையும் குடுத்தாச்சு. போய் வேலையைப் பார்."

"என் கையெழுத்துல போன பொய் சார் அது. நான் திருத்தி எழுதணும்."

"எழுதுவியோ?" அவர் எழுந்தே விட்டார். "என் உப்பைத் தின்னுண்டு என்னையே காட்டிக் குடுப்பியோ? ஒரு நிமிஷம் இந்த ஆபீஸ்ல இருக்கப்படாது. ரிலீவிங் ஆர்டர் இப்பவே, இங்கேயே..."

பேனாவைத் திறந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்திரண்டு. பேனா நின்றது. மெல்ல மூடி வைத்தார்.

"பன்னெண்டு மணிக்கு வந்து வாங்கிண்டு போ. இப்போ நான் எதுலயும் கையெழுத்துப் போடறதா இல்லை."

நீரஜா வெளியே வந்தாள். மாடிப்படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆர்டர் கைக்கு வரும்வரை அவள்தான் சிஸ்டம்ஸ் ஹெட். பாஸ்வேர்டு அவளுடையது. கம்பெனி முத்திரை அவள் மேஜையில் இருக்கிறது. அந்த மனுஷர் நம்பிக்கைக்குப் பயந்து ஒன்றரை மணி நேரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்றே பத்தி எழுதினாள். மெஷின்களை ஏற்றச் சொன்னது நிறுவனத்தின் தலைவர். காரணம், தினமும் ஒன்றரை மணி நேரம் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது என்று இந்த ஊரில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. ரகுபதி உத்தரவை நிறைவேற்றிய ஊழியர், குற்றமற்றவர். முந்தைய அறிக்கையின் தவறு முழுக்க என்னுடையது. கிழமைவாரியாக ராகுகால நேரங்களையும் தன் தாளில் இருந்த நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்தாள். பத்து ஐம்பத்தைந்துக்கு ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததாக ரசீது வந்தது.

கீழே வரவேற்பறை பெஞ்சில் ரகுபதி உட்கார்ந்திருந்தார். அனுபவச் சான்றிதழ் வாங்க அவரையும் பன்னிரண்டு மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நீரஜா பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பதினொன்றே முக்காலுக்கு மாடியில் போன் அடித்தது. வேதாந்தம் இங்கிலீஷில் முதலில் கத்தினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் "யெஸ், யெஸ்" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு அடித்ததும் அவரே இறங்கி வந்தார். ரிலீவிங் ஆர்டரை நீரஜாவின் மடியில் போட்டார். ரகுபதியின் முகத்தைப் பார்க்காமல், "நீ மேல போய் வேலையைப் பார். வேண்டாத மெஷினெல்லாம் இறக்கு. எட்டுக்கு மேல ஏறப்படாதாம்" என்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

ரகுபதிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. நீரஜா ஃபேக்ஸின் நகலை அவரிடம் நீட்டினாள். வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு நெஜமாவே தெரியாது" என்றாள்.

"சரி. தெரியாதுன்னே வெச்சிப்போம்." அவர் எழுந்து படியில் கால் வைத்தார். பிறகு நின்றார். "நேத்து ராத்திரி என் பொண்ணு கேட்டா. 'அப்பா, நீ திருடிட்டியாமே'ன்னு. ஏழாவது படிக்கிறா. ஸ்கூல் வேன்ல நம்ம ஆபீஸ்காரர் பையன் எவனோ சொல்லியிருக்கான்." பையில் இருந்த ஃபேக்ஸ் நகலைத் தட்டினார். "சிங்கப்பூருக்கு எழுதிட்டீங்க, சந்தோஷம். என் பொண்ணுக்கு எந்த நம்பர்ல ஃபேக்ஸ் அடிப்பீங்க?"

ரகுபதி பதிலுக்காக ஒரு நிமிஷம் நிஜமாகவே நின்று பார்த்தார். அப்புறம் மாடியேறிப் போய்விட்டார்.