அடிமரத்தில் விழப்போகும் கோடு

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் எண்ணெய்க் கேனிலிருந்து பிறந்தது. முப்பது வருடம் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு எதிலிருந்து கதை பிறக்கும்?

முதல் தொடக்கம்: ‘காடெங்கும் எண்ணெய் வெள்ளம் புரண்டது. மான்கள் வரிசையாக வழுக்கி…’

(அடித்துவிட்டேன். மொத்தமே இரண்டு லிட்டர்தான். ஆனாலும் அந்த மான்களை விட மனசே வரவில்லை.)

2
மரம் வெட்டுபவருக்கு விஷயம் மத்தியானம்தான் தெரிந்தது. ரம்பச் சங்கிலிக்கான தாவர எண்ணெய் காலையிலேயே தீர்ந்துவிட, மெக்கானிக்கான அவர் மச்சினன், லாரியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை அதே கேனில் நிரப்பி வைத்திருந்தான்.

“என்னடா இது, தார் மாதிரி?”

“எண்ணெய்னா எண்ணெய்தான் மாமா. சங்கிலி என்ன ருசி பார்த்தா குடிக்குது?”

“சங்கிலி குடிக்கலடா. கீழே ஊத்துத் தண்ணிய உன் அக்கா குடிக்கிறா. என் புள்ளைங்க குடிக்குது.”

மச்சினன் கேன் மூடியைத் திருகி மூடினான். அந்தக் கறுப்பு எண்ணெயில் ரம்பத்தின் ஒரு டேங்க் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

[குறிப்பு: சங்கிலிக்கு ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது. அத்தனையும் மரத்தூளோடு மண்ணுக்குத்தான். இதில் மட்டும் நான் அளக்கவில்லை.]

3
அப்போது பார்த்து வன அதிகாரியம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். (ஏழடி உயரம் என்று எழுதியிருந்தேன். “ஜீப்புக்குள்ள மடிச்சா வெச்சிருந்தாங்க?” என்றாள் என் மனைவி. ஐந்தடியாக்கிவிட்டேன்.)

அவர் கேனைத் தொடவே இல்லை. புதிதாக வெட்டிய வெள்ளை அடிமரத்தைக் காட்டினார்.

“அதுக்கு மேல ரம்பத்தைப் பிடிச்சு ஓட்டுங்க. கோடு விழட்டும்.”

ஓடும் சங்கிலியின் நுனியிலிருந்து எண்ணெய் தெறித்து மரத்தில் கோடு போடும். வெளிர்க் கோடு என்றால் தாவர எண்ணெய். கறுப்பென்றால் தடைசெய்த கழிவு எண்ணெய்; மரம் வெட்டும் இந்தக் கூட்டத்தின் ஆறு பேருக்கும் இனி இந்தக் காட்டில் வேலை இல்லை.

இரண்டு ரம்பங்கள் கிடந்தன. ஒன்றில் காலையில் ஊற்றிய நல்ல எண்ணெய் இன்னும் இருந்தது, மற்றதில் கறுப்பு. மச்சினன் நல்லதைக் காலால் மெல்ல முன்னே தள்ளினான்.

“இதை எடுங்க மாமா.”

4
முடிவு ஒன்று: நல்ல ரம்பம். வெளிர்க் கோடு. கேன் அங்கேயே இருக்கிறது, நாளைக்கும் ஊற்றுவார்கள். அவர் மனைவி குடத்தோடு ஊற்றுக்குப் போய்… (இதற்குமேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: கறுப்புக் கோடு. மற்ற ஐந்து பேரும் அவரைத் திரும்பிப் பார்க்கும் பார்வை… (இதுவும் வரவில்லை.)

முடிவு மூன்று: ரம்பம் கிளம்பவே இல்லை. (பழுதுபார்த்தவன் புத்தி! அவர் ரம்பங்கள் முதல் இழுப்பிலேயே கிளம்பும்.)

அதிகாரி பேனா மூடியைக் கழற்றிவிட்டார். மரம் வெட்டுபவர் குனிந்து கையை நீட்டுகிறார். இரண்டு ரம்பங்களும் அவருக்கு ஒரே தூரம். நான் விலகிக்கொள்கிறேன், நீங்கள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள், எடுத்துக் கொடுங்கள். கொடுத்துவிட்டு அந்த வெள்ளை மரத்தைப் பாருங்கள். என்னைப் பார்க்காதீர்கள்.